பைபாப், காற்று மெத்தை, சக்கர நாற்காலி: ஒரு லித்தியம் பெட்டி எதையெல்லாம் தாங்கும்?

ஒரு யூனிட் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் பெட்டி ஒன்றை 62,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன். கடையில் இதற்கு 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' என்று பெயர். 1,024 வாட்-மணி லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். எடை 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வெளியூர் போய்க் கூடாரம் போடுகிறவர்கள், வீடியோ எடுப்பவர்கள், தெருவோரம் கடை போடுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள் இது. மதிப்புரைகளும் அவர்கள் எழுதியவைதான். மிக்ஸி ஓடுமா, லேப்டாப் எத்தனை முறை சார்ஜ் ஆகும், பிரிட்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று விரிவாகச் சொல்கிறார்கள். மூச்சுக்காக இதை வாங்கிய ஒருவர் எழுதியது தமிழில் என் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அளவுப் பெட்டிகள் பல பெயர்களில் விற்கின்றன. நான் சொல்லும் நல்லது கெட்டது பெரும்பாலும் அந்த வகைக்கே பொருந்தும்.

முதலில் என் வீட்டு நிலவரம். எனக்குத் தசைச் சிதைவு நோய். பகலில் பேட்டரி சக்கர நாற்காலி. படுத்தால் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை. இரவில் பைபாப். தூக்கத்தில் என் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் இயந்திரம்தான் பைபாப். அது ஓடாத இரவில் கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிடும். காலையில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, பேச்சில் ஒரு மந்தம். அடுத்தடுத்த இரவுகளும் அப்படியே போனால் ஐசியூதான்.

வேளச்சேரியில் தரைத்தள வீடு. அம்மாவும் நானும். வெள்ளம் வரும் என்று தெரிந்தும் ஏன் தரைத்தளத்தில் இருக்கிறீர்கள் என்று உறவினர்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்பார்கள். மேல்தளம் என்றால் லிஃப்ட் வேண்டும், லிஃப்டுக்குக் கரண்ட் வேண்டும். மழை நாளில் முதலில் போவது கரண்ட்தான். என் நாற்காலி பேட்டரியோடு சேர்த்து 90 கிலோவுக்கு மேல். அதைப் படிக்கட்டில் இறக்க நான்கு ஆண்கள் வேண்டும். எங்களுக்கு வீடு தேடுவது இப்படித்தான்: கீழே இருந்தால் தண்ணீர், மேலே இருந்தால் சிறை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பெரும்பாக்கம் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையோரக் குடும்பங்கள் பலவற்றை ஆற்றைச் சீரமைப்பதற்காக அங்கே உள்ள எட்டடுக்குக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவது என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியிருக்கும் இடம் அது, மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கும். ஐந்தாவது மாடியில் வீடு கிடைத்து, காலில்லாத ஒருவர் லிஃப்ட் நின்ற நாட்களில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஊரைக் காப்பாற்றப் போடும் திட்டத்தில் நாங்கள் எந்த மாடியில் இருப்போம் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டாக வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

இதற்கு முன் வீட்டில் எல்லோரையும் போல ஒரு இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் இருந்தன. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, எழுத்தில் பார்த்தால் 1,800 வாட்-மணி, அதாவது புதுப் பெட்டியைவிட அதிகம். ஆனால் அப்படிப்பட்ட பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துவிடும். கிட்டத்தட்ட 60 கிலோ எடை என்பதால் தரையில் டிராலியில்தான் உட்கார்ந்திருக்கும். தரைத்தள வீட்டில் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் பழைய இன்வெர்ட்டர் போனது அப்படித்தான். கட்டில் கால் நனைவதற்கு முன்பே அது மூழ்கிவிட்டது. அப்போது எனக்குப் பைபாப் தேவைப்படவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தேவைப்பட்டது. டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் என்று தென்சென்னை முழுக்கத் தண்ணீரில் நின்றது. சில தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மேல் வீட்டு அக்கா தன் வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு என் மிஷினுக்கு இடம் கொடுத்தார். அது தீர்ந்த பிறகு தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூங்கினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் பதில் சொல்கிறேனா என்று பார்ப்பதற்காக.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்று கரண்ட்டை நிறுத்தியது சரி. தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸ் மூழ்கிக் கிடக்கிறது, அந்த நேரத்தில் சப்ளை கொடுத்தால் நடந்து போகிறவர்கள் செத்துப்போவார்கள். ஊருக்குப் பாதுகாப்பான அந்த முடிவு சிலருக்கு ஆபத்து, அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க முடியும். என் ஆதங்கம் அதில்தான். இந்தப் பெட்டியை நான் கைக்காசு போட்டு வாங்க வேண்டியிருந்ததும் அதனால்தான்.

இப்போது சோதனைகள். வாட் அளக்கும் பிளக் மீட்டர் ஒன்று வாங்கி, வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அளந்தேன். என் மிஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் இருக்கிறது. அதைச் சூடாக்க மின்சாரம் நிறைய இழுக்கும். ஹியூமிடிஃபையரோடு சேர்த்து 95 வாட் வரை போகிறது. அதை நிறுத்தினால் 40 வாட். ஹியூமிடிஃபையரோடு ஓட்டினால், நிறைந்த பெட்டி எட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. இரவு பத்தரைக்குப் போட்டால் காலை ஆறரை மணிக்கு மூச்சுக்குத் துணை இல்லை. நிறுத்திவிட்டு ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகும் பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருக்கிறது. மூக்கு காய்ந்துபோகும், தொண்டை எரியும், ஆனால் தாங்கலாம்.

இன்னும் சிக்கனமான வழி ஒன்று உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. பெட்டியில் கார் சார்ஜர் செருகுவது போன்ற 12 வோல்ட் துளை இருக்கும். அதிலிருந்து 24 வோல்ட்டாக மாற்றித் தரும் கேபிளைப் பைபாப் நிறுவனங்களே தனியாக விற்கின்றன. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பேட்டரியில் இருப்பது டிசி, அதாவது நேர்மின்னோட்டம். மிஷினுக்கு வேண்டியதும் டிசி. நடுவில் அதை வீட்டு பிளக்கில் வரும் ஏசி மின்சாரமாக்கி மறுபடி டிசியாக்கும்போது சக்தி வீணாகிறது. பெட்டியின் இன்வெர்ட்டரைச் சும்மா போட்டு வைத்தாலே 12 வாட் குடிக்கிறது. டிசி கேபிளில் ஓட்டினால் பைபாப்புக்கு 31 வாட்தான். காலையில் பார்த்தால் 70 சதவீதம் மிச்சம். பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் இந்தக் கேபிளுக்குக் காசு எடுத்து வையுங்கள். பேட்டரி திறனைக் கூட்டி வாங்குவதைவிட இது மலிவு.

காற்று மெத்தையின் பம்ப் 8 வாட்தான் எடுக்கும். அது ஏசி மின்சாரத்தில்தான் ஓடும். இன்வெர்ட்டரின் 12 வாட்டையும் சேர்த்தால் ஒரு இரவுக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம். சின்ன டிசி விசிறி ஒன்றுக்கு இன்னும் 13 சதவீதம். எல்லாம் சேர்த்துக் காலையில் 40 சதவீதம் நிற்கும். ஆக, எனக்கு இந்தப் பெட்டி இரண்டு இரவுக்குக் கொஞ்சம் குறைவு.

சக்கர நாற்காலியை இதில் சேர்க்கவே முடியாது. நாற்காலியில் 36 ஏஎச் பேட்டரி இரண்டு. முழுக்கக் காலியாக இருந்தால் பெட்டி மொத்தத்தையும் கவிழ்த்தாலும் நிறையாது. கால்வாசி ஏற்றினால்கூட ஓர் இரவு மூச்சு போய்விடும். எனவே மழை எச்சரிக்கை வந்ததும் நாற்காலியை முதல் நாளே முழுக்க சார்ஜ் போட்டு, வீட்டுக்குள் நகர்வதைக் குறைத்துக்கொள்கிறேன். கழிவறைக்குப் போவது, ஜன்னல் ஓரம் போய் உட்காருவது, இரண்டையும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டும். மூச்சா நடமாட்டமா என்ற கேள்வியை ஒரு மனுஷியிடம் கேட்கும் நிலையைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

நல்ல விஷயங்கள் நிறைய உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கரண்ட் போகும்போது பைபாப் ஒரு நொடிகூட நிற்பதில்லை. மெயின் ஸ்விட்சை இறக்கிப் பார்த்தோம், மாஸ்க்கில் காற்று ஓட்டம் மாறியதே தெரியவில்லை. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் இதே மிஷின் உறுமும். இதில் சத்தமே இல்லை. பெட்டியைத் தலை உயரத்தில் உள்ள மர அலமாரியில் வைத்திருக்கிறோம், தண்ணீர் அங்கே வருவதற்குள் எங்களை வெளியே எடுத்திருப்பார்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை, அமில நெடி இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, சீக்கிரம் நிறைவது. ஒன்றரை மணி நேரத்தில் 80 சதவீதம் ஏறிவிடுகிறது. டியூபுலர் பேட்டரிக்குப் பத்து மணி நேரம் வேண்டும். புயலுக்குப் பின் கரண்ட் வந்து வந்து போகும் நாட்களில் இதன் அருமை தெரியும். நடுவில் ஒரு மணி நேரம் வந்தாலும் ஓர் இரவு மூச்சைச் சம்பாதித்துவிடலாம். எங்கள் தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும், ஜெனரேட்டர் ஓடும் கல்யாண மண்டபத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிரப்பிக் கொண்டுவரலாம். அம்மாவால் 12 கிலோவைத் தூக்க முடியாது, பக்கத்து வீட்டுத் தம்பிதான் தூக்க வேண்டும். ஆனாலும் தூக்கக்கூடிய எடை என்பதே பெரிய மாற்றம். நிவாரண முகாம் நடத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது: சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, சுவர் ஓரமாக எட்டும் உயரத்தில் வேலை செய்யும் பிளக் பாயிண்ட்டும், நீட்டிப் படுக்க ஓர் இடமும் தயாராக வையுங்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதற்குப் பாதிக் காரணம், போகும் இடத்தில் மிஷினைச் செருக முடியுமா என்று தெரியாததுதான்.

இனி குறைகள். இதில் முதலாவது உயிரோடு விளையாடும் குறை. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் பெட்டியில் 'எக்கோ' என்று ஒரு வசதி. யாரும் மின்சாரம் பெரிதாக எடுக்கவில்லை என்றால், பேட்டரியை மிச்சப்படுத்த அதுவே ஏசி வெளியீட்டை அணைத்துவிடும். வாங்கும்போதே அது இயக்கத்தில் இருக்கும். கூடாரத்தில் விளக்கை மறந்துவிட்டுத் தூங்குகிறவருக்கு நல்ல ஏற்பாடு. என் காற்று மெத்தை எடுப்பது 8 வாட். பெட்டி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நடு இரவில் எந்த ஒலியும் இல்லாமல் அணைந்துவிட்டது. மெத்தை மெல்ல இறங்கி, இடுப்பெலும்பு கட்டில் பலகையில் அழுந்தும்போதுதான் விழித்தேன். அந்த நேரம் பைபாப் டிசி கேபிளில் இருந்ததால் பிழைத்தது. மெத்தைக்குப் பதில் பைபாப் ஏசி மின்சாரத்தில் இருந்து, அதுவும் பெட்டி பொருட்படுத்தாத அளவுக்குக் குறைவாக இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 'எக்கோ'வை அணைக்க முடியும். ஆனால் என் பெட்டியில் அது செயலி வழியாகத்தான் முடிகிறது. அந்தச் செயலியில் முதல்முறை நுழைய இணையம் வேண்டும். ஆங்கிலம் மட்டும்தான். மழை நாளில் செல்போன் டவர் படுத்த பிறகு பெட்டியைப் பிரித்தால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நிறுவனப் பெட்டியாக இருந்தாலும், வாங்கிய அன்றே இதைத் தேடி அணையுங்கள்.

இரண்டாவது, பொத்தான். இயக்குவதற்கு மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். என் விரலில் அந்த வலு இல்லை. மேலே இருக்கும் அலமாரிக்கு என் கை எட்டப்போவதும் இல்லை. அம்மா வெளியே போயிருக்கும்போது பெட்டி அணைந்தால் என்னால் மறுபடி போட முடியாது. திரையில் உள்ள எண்கள் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் பார்வை இல்லாதவருக்கு எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்ல ஒரு குரல் கிடையாது. காது கேளாதவருக்குத் தீரப்போவதை அறிவிக்க விளக்கு மின்னலும் கிடையாது, ஒரு சின்ன பீப் ஒலிதான். குரல் சொல்லும் செயலியையோ, நீட்டி வைக்கக்கூடிய ஒரு ஸ்விட்ச் ஒயரையோ சேர்க்க நிறுவனத்துக்குப் பெரிய செலவு ஆகாது.

மூன்றாவது, கோடை. சார்ஜ் ஏறும்போது உள்விசிறி அதிக இரைச்சல் போடுகிறது. மே மாதத்தில் அலமாரி மரமே சூடாக இருக்கும் பிற்பகலில் பெட்டி தானாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்கிறது. இந்த வகை லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் அது பாதுகாப்புக்குத்தான். ஆனால் மிகத் தேவைப்படும் மாதமும் அதுதான். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படி எல்லா வீட்டிலும் அறையைக் குளிர்விக்கும் ஏசி ஓடும் இரவில்தான் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும்.

அறையைக் குளிர்விக்கும் அந்த ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். அடிபட்ட இடத்துக்குக் கீழே அவருக்கு வியர்க்காது. உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. வெயில் நாளில் அறை சூடானால் அவர் உடம்பும் அப்படியே சூடாகும். அவர் ஏசி போடுவதைப் பார்த்துப் பூமியைக் கெடுக்கிறாய் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஒரு டன் ஏசியை முழு வேகத்தில் ஓட்டினால் இந்தப் பெட்டி ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். அவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்துண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், டிசி விசிறி, ஐஸ் பெட்டி, இவற்றோடு அடுத்த தெருவில் யார் வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற விவரமும் அவருக்கு இதைவிட உதவும். 2021-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள்ளேயே. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிடப் பல மடங்கு அதிகமாக அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வெயில் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுந்தாலும், அதைத் தாங்கும் உடம்பு ஒரே மாதிரி இல்லை.

சூரியப் பலகை தனியாக வாங்கினேன், மடக்கக்கூடியது, 100 வாட். வெயில் நாளில் மொட்டை மாடியில் 65 வாட் வரை வருகிறது. புயல் மூட்டத்தில் 9 வாட். புயலின் முதல் இரண்டு நாள் அதை நம்பவே கூடாது, மூன்றாம் நாள் வெயில் வந்தால்தான் பயன். மாடிக்கு நான் போக முடியாது என்பதால் அதுவும் மேல் வீட்டு அக்காவின் கையில்தான் இருக்கிறது.

கையேட்டில் ஒரு வரி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளுக்கு இந்தப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றின் கையேட்டிலும் இதைப் பார்க்கலாம். நிறுவனம் தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்க எழுதியது என்று நினைக்கலாம். எனக்கு அதில் நியாயமும் தெரிகிறது. மூச்சு மிஷினுக்கு ஒரு கடைப் பொருள் ஒற்றை ஆதாரமாக இருக்கக் கூடாது. அப்படியென்றால் இரண்டாவது ஆதாரம் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்தக் கேள்வி 2019 அக்டோபரில் வெடித்தது. காட்டுத்தீ பரவாமல் இருக்க அங்கே மின்நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வேண்டுமென்றே சப்ளையை நிறுத்தியது. காய்ந்த காடு, பலத்த காற்று, பழைய மின்கம்பி: நிறுத்தாவிட்டால் தீ. நிறுத்தினால் வென்டிலேட்டரில் இருப்பவர்? ஓக்லண்டில் ஸ்டேசி பார்க் மில்பர்ன் என்ற பெண்மணியும் அவரது நண்பர்களும் யார் யாருக்கு எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்டுப் பட்டியல் போட்டு, பேட்டரிகளைக் கைமாற்றி, கரண்ட் உள்ள வீடுகளில் ஆட்களைத் தங்கவைத்தார்கள். அவருக்கும் தசைச் சிதைவு நோய். அவரும் மூச்சுக்கு மிஷினை நம்பியவர். 2020 மே 19 அன்று, தன் 33-வது பிறந்தநாளில், அவர் இறந்துபோனார். 2025-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயம் ஒன்றில் சக்கர நாற்காலியோடு அவர் உருவம் இருக்கிறது. அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு, கருவியை நம்பி வாழும் தகுதியான வாடிக்கையாளர்களுக்கு இதே மாதிரிப் பெட்டிகளைக் கொடுக்கும் திட்டம் அங்கே வந்தது. நான் கடையில் வாங்கியதை அங்கே ஒரு பகுதி மக்கள் உரிமையாக வாங்கிக்கொண்டார்கள்.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு, பேரிடர் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. மாவட்ட அளவில் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்து, ஆபத்து வருமுன் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019-இல் இதற்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. என் அடையாள அட்டையில் குறைபாட்டின் சதவீதம் இருக்கிறது. கரண்ட் இல்லாமல் நான் எத்தனை மணி நேரம் தாங்குவேன் என்பது இல்லை. புயல் வரும்போது அந்த ஓர் எண்தான் தேவை. ஆஸ்திரேலியாவில் வீட்டில் உயிர்காக்கும் கருவி இருப்பதை மின்நிறுவனத்திடம் பதிவு செய்யலாம். பதிவு செய்த வீட்டில் திட்டமிட்டு மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது அங்கே விதி. மின் இணைப்பு எண்ணோடு இப்படி ஒரு குறிப்பைச் சேர்ப்பது நம்மால் முடியாத வேலை இல்லை.

விலையைப் பற்றிப் பேசாமல் மதிப்புரை முடியாது. 62,000 ரூபாயில் ஜிஎஸ்டி 18 சதவீதம். சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம். மூச்சைக் காக்கும் பேட்டரி வரிக் கணக்கில் வெறும் எலக்ட்ரானிக் சாமான். தமிழ்நாட்டில் தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். முன்பு 1,500 ஆக இருந்தது. இந்தப் பெட்டி அந்தத் தொகையில் இரண்டரை ஆண்டுச் சேமிப்பு, சாப்பாட்டுக்கோ மாத்திரைக்கோ எதுவும் எடுக்காமல் இருந்தால். நான் வீட்டில் இருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறேன், அதனால் முடிந்தது. அரசு கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, பைபாப்பைக் கடன் வாங்கி ஓட்டும் எத்தனையோ பேருக்கு இது எட்டாத விலை.

இந்தியர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 2 டன் அளவில் கரியமில வாயு வெளியேற்றுகிறார், அமெரிக்கர் அதைப்போல ஆறேழு மடங்கு. நான் விமானத்தில் போனதில்லை, கார் இல்லை, வீட்டைவிட்டு அதிகம் வெளியே போவதும் இல்லை. கடல் சூடாகி, வங்கக் கடலில் புயல் வலுத்து, அந்த மழை என் தெருவில் நிற்கும்போது 62,000 ரூபாய் கட்டியது நான். காலநிலை நீதி பேசும் கூட்டங்களில் இந்தக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பேசும் கூட்டங்களில் புயலையும் வெயிலையும் பேச வேண்டும். இரண்டையும் என் வீட்டு அலமாரியில் ஒரே பெட்டிதான் சுமக்கிறது. பெட்டியின் உள்ளே கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்பதைக் கேட்டுத்தான் வாங்கினேன். ஆனால் லித்தியமும் எங்கோ ஒரு ஊரின் தண்ணீரைச் செலவழித்துத்தான் வருகிறது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒன்று என்று வாங்கிக் குவிப்பதைவிட, ஒரு தெருவுக்கு நாலைந்தைப் பொதுவில் வைத்து, தேவைப்படும் வீட்டுக்குப் புயலுக்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

யார் வாங்கலாம்? பைபாப் அல்லது அதைப் போலவே மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தும் சிபாப், காற்று மெத்தை, சளி உறிஞ்சும் மிஷின் வைத்திருப்பவர்கள், பணம் புரட்ட முடிந்தால், தாராளமாக வாங்கலாம். டிசி கேபிளையும் சேர்த்து வாங்குங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், பெட்டி மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். உங்களுக்குச் சிலிண்டரும் கையில் இருக்க வேண்டும். முழுநேர வென்டிலேட்டரில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஏற்கெனவே நல்ல நிலையில் டியூபுலர் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கு அவசரமில்லை.

நான் வாங்கிய கடையின் வாசலில் இரண்டு படி இருந்தது. கடைக்கார அண்ணன் பெட்டியைத் தெருவுக்கே கொண்டுவந்து, என் பைபாப்பைச் செருகி, ஓடுவதைக் காட்டிய பிறகுதான் பணம் வாங்கினார். எல்லாக் கடையிலும் இது நடக்காது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் சொந்தக் கருவியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்க்கலாம். வாசலில் சாய்தளம் இருக்கிறது. கருவியோடு அதன் சார்ஜர் அடாப்டரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், அடாப்டரின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களை வைத்துத்தான் எந்தக் கேபிள் பொருந்தும் என்று பார்க்க முடியும்.